இசைத்தட்டின் கடைசியில் அக்காளின் பெயர்

கிள்ளான் துணிக்கடையில் கிராமபோன் ஊசி கரகரத்ததுமே தெரிந்துவிட்டது, வரப்போவது அக்காளின் குரல். அவள் பாடிய ஒரே இசைத்தட்டு. அவள் போய்ப் பத்து வருடமாகியும் அது பாடிக்கொண்டிருக்கிறது. செத்தவள்மேல் பொறாமைப்படலாமா? நான் படுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், கரிப்புகை நாறும் அறையில், இருவரும் சேர்ந்துதான் அந்தப் பாட்டைப் பழகினோம். தொண்டைக்கு இதமான அதிமதுரம் மட்டும் அவளுக்கே. ஒலிப்பதிவு நாளில், பாட்டை மெழுகுத் தட்டில் பதிக்க வந்த வெள்ளைக்காரர் என் குரலைக் கேட்டு முகம் சுளித்தார். ஆர்மோனியக்காரர் சிரித்தார்.

"பாப்பா, உன் தொண்டைய மெழுகு தாங்காதாம். கதவோரம் போய் நின்னு பாடு."

ஒலி வாங்கும் பெரிய புனலின் முன்னே அக்காள் நின்றாள். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயர் சொல்வது அந்நாளைய வழக்கம். அவள் தன் பெயரை மட்டும் சொன்னாள்.

"என் பேர ஏன்க்கா சொல்லல?"

"மெழுகுல இடமில்லடி."

"நல்லா பாடுறாங்கல்லம்மா?" என்றார் துணிக்கடைக்காரர், சுழலும் இசைத்தட்டைக் காட்டி.

இசைத்தட்டில் அவளுக்குப் பின்னால் நான் கொசுவாய் ரீங்கரித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியப்போகும் நேரம், கடைசி அடியைக் கடையில் நின்றபடியே தொண்டை திறந்து நானே பாடினேன், பாட்டு முடிந்தும் நிறுத்தாமல். சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இசைத்தட்டில் அவள் தன் பெயரைச் சொன்னாள். ஒருவர் காதிலும் விழவில்லை.