முட்டைக்கு வெட்டுக்கூலி ஜாஸ்தி

அக்காவும் மாமாவும் கரும்பு வெட்டும் ஜோடி. கச்சிராயபாளையம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு ஆள் சேர்க்க வரும் மேஸ்திரி தனி ஆளைச் சேர்க்கமாட்டார். ஒருவர் வெட்ட, இன்னொருவர் சோகையை, அதாவது காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டுவார். கட்டைத் தோளில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோவது ஆணின் பாடு. அதனால் மாமாவுக்குக் காசநோய் வந்தபோது அக்காவின் கவலை இரட்டையாக இருந்தது. மாமா தேறவேண்டும், அதுவும் சர்க்கரை ஆலையில் அரைவை தொடங்குவதற்குள் தேறவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பருவத்தில் அவளுக்கும் வேலை கிடையாது.

மாமா மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. நோய் போய்விட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஆள் சட்டைக்குள் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருந்தது. "முட்டை, பருப்பு, மீனு, வேர்க்கடலை நல்லா சாப்பிடுங்க. தெம்பு வந்தப்புறம் கரும்புக்கட்டைத் தொடுங்க" என்று அனுப்பினார். அக்கா வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளைக் கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மாமாவுக்கு வேகவைக்க ஆரம்பித்தாள்.

நான் அப்போது விலங்கியலில் பட்டம் முடித்துவிட்டு, திருக்கோவிலூரில் அறை எடுத்துப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆகவே செல்போன் சூடாவது முதல் மாடு அசை போடாதது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். எனக்கும் சொல்லப் பிடிக்கும்.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய மாமா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இன்னா மச்சான், வெறும் சோறு துன்னா சும்மா இருக்குது. முட்டையும் கருவாடும் துன்னா ஒடம்பு கணகணன்னு ஆவுது. ஜொரம் திரும்பிக்கினு வருதா?"

அவர் குரலில் பயம் இருந்தது. எனக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும்.

"ஜொரமில்ல மாமா. சாப்பிட்டதச் செரிக்கவே ஒடம்பு கொஞ்சம் செலவு பண்ணும். அது சூடா வெளிய வரும். முட்டை, மீனு, கறியில புரதம் ஜாஸ்தி. புரதம் நூறு பங்கு சக்தி குடுத்தா, இருபதுலேர்ந்து முப்பது வரைக்கும் செரிக்கறதுக்கே போயிடும். சோத்துக்கு அஞ்சோ பத்தோ. எண்ணெய்க்கு ஒண்ணுமே இல்லன்னு வெச்சுக்கங்க."

"மலையில வெளையுதே சாமை, அதுக்கு?"

"தவிடு போகாததுன்னா, அரிசிய விடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஓ! வெட்டுக்கூலி மாதிரி. வெவசாயிக்குக் குடுக்கற கரும்புக் காசுல புடிச்சிக்கிறாங்களே."

"அதேதான் மாமா!" என்றேன். வகுப்பில் நான் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. மாமாவின் முகம் தெளிந்தது. நான் நிம்மதியாகப் பேருந்து ஏறினேன்.

தீபாவளிக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாடா சொல்லிக் குடுத்துட்டுப் போன? உங்க மாமா முட்டையக் கண்ணெடுத்துப் பாக்கறதில்ல. சோத்து மேல கடலெண்ணெய ஊத்திக்கினு உக்காந்துடறாரு."

உள்ளேயிருந்து மாமா பெருமையாகக் குரல் கொடுத்தார். "முட்டைக்கு வெட்டுக்கூலி ஜாஸ்தின்னு ஒன் தம்பிதான சொன்னான்? நூறுல முப்பது கூலியிலேயே போனா எவன் ஒத்துப்பான்? எண்ணெயில புடித்தமே இல்ல. மிஷின்ல ஏறிப் பாத்தேன், எடை ஏறியிருக்குது மச்சான்!"

எடை ஏறித்தான் இருந்தது. வயிறு லேசாக முன்னால் வந்திருந்தது. கைகள் மட்டும் அப்படியே இருந்தன. முட்டைகள் மறுபடியும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாளே மேஸ்திரி வரச்சொன்னார். நோயில் படுத்து எழுந்தவர்களை அவர் ஒரு கட்டு தூக்கவைத்துப் பார்த்துத்தான் சேர்ப்பார். நானும் கூடப் போனேன். மாமா நன்றாகத்தான் வெட்டினார். அடிக்கட்டையோடு ஒட்ட, பழைய கை. அக்கா கட்டிக் கொடுத்தாள். தூக்கும்போது கட்டு முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. இறக்கிவைத்து, துண்டை உதறித் தோளில் போட்டு, மறுபடியும் தூக்கினார். இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மேஸ்திரி அவரைப் பார்க்காமல், மேகம் இறங்கியிருந்த கல்வராயன் மலையைப் பார்த்தார்.

"அடுத்த பருவத்துக்குப் பாத்துக்கலாம்ப்பா."

அக்கா சோகை கழித்த கத்தியைக் கீழே வைத்தாள். நான் யோசிக்காமல் சொன்னேன். "மாமா தேறுற வரைக்கும் அக்காகூட நான் வரேங்க."

"காலேஜு புள்ள கட்டு தூக்குமா?"

"தூக்கலன்னா நான் தூக்கறேன். ஜோடியா எழுதிக்கங்க" என்றாள் அக்கா. மேஸ்திரி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"நல்ல கரும்பாப் பாத்து வெட்டி, ஆலைக்கு அனுப்பாம மண்ணுல பொதைக்கிறாங்களே, ஏன் மாமா?"

"கரணை அது. பொதச்சாத்தான அடுத்த கரும்பு?"

"முட்டையும் கரணைதான். சோறும் எண்ணெயும் ஆலைக்குப் போற கரும்பு மாதிரி, ஒடம்பு எரிச்சு ஓடறதுக்கு. தோள்ல சதை வளரணும்னா முட்டை, பருப்பு வேணும். அதுல கொஞ்சம் சூடாப் போனா போவட்டும். அத நஷ்டத்துல சேக்கக் கூடாது."

மாமா திரும்பிப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க ஜொரமான்னுதான மாமா கேட்டீங்க."

"கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவியா? பரீட்சையாடா இது?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

அரைவை தொடங்கியது. முதல் வாரம் என் தோள் தோலுரிந்து, சட்டை போட முடியவில்லை. பாதிக் கட்டுகளை அக்காவும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் கொண்டுபோனோம். மதியம் மாமா தூக்குவாளியோடு வயலுக்கு வருவார். சோறு, பருப்பு, அவித்த முட்டை. எனக்கு இரண்டு வைத்துவிட்டு அவரும் இரண்டு எடுத்துக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் அவர் நெற்றியில் வியர்வை அரும்பும். கழுத்தைத் தொட்டுப் பார்க்கமாட்டார். துண்டால் துடைத்துக்கொண்டு, "செரிக்குது" என்பார். பிறகு அரைக்கட்டு கட்டித் தூக்கிப் பழகுவார். போகப்போக முக்கால் கட்டு.

பொங்கல் கழிந்து ஒரு நாள் நான் கட்டுக்குக் குனிந்தபோது, "தள்ளு மச்சான்" என்றார். முழுக்கட்டு. முழங்கால், இடுப்பு, தோள். லாரியில் சாத்திய பலகையில் ஏறி, மேலே போட்டுவிட்டு இறங்கினார். மூச்சு வாங்கியது. ஆனால் இருமல் இல்லை.

"காலேஜு, நீ நாளையிலேர்ந்து படிக்கப் போலாம்" என்றார் மேஸ்திரி.

அக்கா சோகை கழிப்பதை நிறுத்தாமலே மாமாவைக் கேட்டாள். "அப்ப நாளைக்கு ரெண்டு முட்டை வெச்சா போதுமில்ல?"

"நாலே வெய்யி. கட்டு தூக்கறவன் நான்தான?" என்றார் மாமா.