முன்வாசல் 612, பின்வாசல் 0

பிப்ரவரி 3: முன்வாசல் 612. பின்வாசல் 0.
பிப்ரவரி 4: முன்வாசல் 588. பின்வாசல் 0.
பிப்ரவரி 5: முன்வாசல் 640. பின்வாசல் 0.
பிப்ரவரி 6: பின்வாசலை மூடச் சொல்லி உத்தரவு.

முதல் மூன்று வரிகளையும் எழுதியவர் பல்கலைக்கழக நூலகத்தின் வாயில் காவலர். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. ஓர் ஆள் உள்ளே நுழைந்தால் கையிலிருக்கும் எண்ணும் கருவியில் ஓர் அழுத்து. 'கிளிக்' என்று ஒன்று கூடும். அதனால் வளாகம் முழுக்க அவருக்குக் கிளிக் அண்ணன் என்றே பெயர். மாலை ஐந்தே முக்காலுக்குக் கருவியில் நிற்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். இத்தனை வருடத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

உத்தரவை நின்றபடியே மூன்று முறை படித்தார். சாய்தளம் உள்ள பின்வாசலை இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று பதிவேடு காட்டுகிறதாம். மார்ச் முதல் தேதி அடைத்துவிடுவார்களாம். கீழே சமவாய்ப்புக் குழுவின் முத்திரை.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருவருமே வரவில்லையென்றால் அன்று காலை ஒன்பது இருபதுக்கு அவர் யாருக்குக் கதவு திறந்தார்?

திறந்தது கணிதத் துறை இறுதியாண்டு மாணவிக்கு. சக்கர நாற்காலியில் வருபவள். முன்வாசலில் பதினோரு படிகள். அவள் பின்பக்கம் வந்து போன் செய்தால், இவர் சாவியோடு கட்டிடத்தைச் சுற்றி ஓடுவார்.

பின்வாசலுக்கென்று தனிப் பதிவேடு கொடுத்திருந்தார்கள். பெயர், குறைபாடு, வந்த காரணம் என்று மூன்று கட்டங்கள். முதல் நாள் அதை நீட்டியபோதே அவள் கேட்டுவிட்டாள்:

"முன்னாடி வர்றவங்ககிட்ட உங்களுக்கு என்ன குறைன்னு கேட்டு எழுதுவீங்களாண்ணே?"

"இல்லம்மா. அவங்களுக்கு ஒரு கிளிக்தான்."

"அப்ப எனக்கும் ஒரு கிளிக் போடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. போட்டார். கருவி ஒன்றே ஒன்று என்பதால் அந்தக் கிளிக் முன்வாசல் கணக்கில் சேர்ந்தது. பின்வாசல் பதிவேட்டில் யார் பெயரும் இல்லை. எனவே மாலையில் அதில் உள்ளது உள்ளபடி 0 என்று எழுதினார். ஒரு நாளும் பொய் எழுதவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

"அப்ப ரெண்டு வருசமா நான் பேய் மாதிரி சுவத்துக்குள்ள புகுந்து வந்தேனாண்ணே?" உத்தரவைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஜூலைல ஆய்வுக் கட்டுரை கொடுக்கணும். எனக்கு வேண்டிய புத்தகம் எதையும் வெளியே தரமாட்டாங்க. கதவை மூடிட்டா என் படிப்பு அவ்வளவுதான்."

மறுநாள் குழுவின் செயலாளரான பேராசிரியையிடம் போனார்.

"இந்தப் பூஜ்ஜியமெல்லாம் நீங்க போட்டதுதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப யாரும் வரலை."

"வந்தாங்க மேடம்."

"எங்க எழுதியிருக்கு?"

"முன்வாசல் கணக்குல."

"அங்க பதினோரு படி இருக்கே. சக்கர நாற்காலி எப்படி ஏறுச்சு?"

"ஏறலை மேடம். பின்வாசல் வழியாத்தான் வந்தாங்க."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அங்கதான் பூஜ்ஜியம் போட்டிருக்கீங்களே!"

"அவங்களைத் தனியாப் பிரிக்கக் கூடாதுன்னுதான்..."

"தனியா எழுதலைன்னா தனிக் கதவு எதுக்குன்னு நிர்வாகம் கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? திருத்திக் கொண்டாங்க, பார்ப்போம்."

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"திருத்தினா தலையா போயிடும்?" என்றாள் மனைவி.

"எழுதினா அந்தப் பொண்ணைப் பிரிச்சு வெச்ச மாதிரி ஆயிடும்."

"எழுதாட்டி?"

"கதவை மூடிடுவாங்க."

"எழுதினாலும் வம்பு, எழுதாட்டியும் வம்பா? உங்களுக்குன்னு எங்கேருந்துதான் வந்து வாய்க்குதோ! அந்தப் பொண்ணையே கேளுங்க."

கேட்டார். அவள் ஒரு கட்டு வாசிப்பறைச் சீட்டுகளோடு வந்தாள். புத்தகம் கேட்டு வாங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தேதி முத்திரை குத்தியவை. எண்ணிப் பார்த்ததில் 143. "பேரு வேணாம், குறையும் வேணாம். எண்ணை மட்டும் போடுங்கண்ணே."

அவள் தேதியைப் படித்தாள். அவர் பின்வாசலில் 0-ஐ அடித்து 1 என்று எழுதினார். முன்வாசலில் ஒன்றைக் குறைத்தார். 588 அடிபட்டு 587 ஆனது. இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் அடித்தல். மொத்தம் 286 திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். பிப்ரவரி 24 அன்று ஒரு விளக்கக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார்.

மார்ச் முதல் தேதி வந்தது. கதவை அடைக்கவும் யாரும் வரவில்லை, அடைக்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. நான்காம் தேதி பதிவேடுகள் மட்டும் திரும்பி வந்தன, உடன் ஒரு வரிகூட இல்லாமல். தினமும் காலையில் சாவி திரும்புகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார். திரும்பும். அவள் வருவாள். ஒரு கிளிக் போட்டுவிட்டு, அதை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்று மாலைவரை மண்டையைக் குடைந்து, கடைசியில் பின்வாசலில் 1 என்று எழுதுவார்.

கடைசியில் குழுவிடமிருந்து பதில் வந்தது. முன்வாசல் படிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சாய்தளம் கட்டப்போகிறார்கள். வேலை முடியும்வரை பின்வாசல் திறந்திருக்கும். அதன் பிறகு நூலகத்துக்கு ஒரே வாசல், ஒரே எண்ணிக்கை. பின்வாசல் பதிவேட்டை உடனே ஒப்படைக்கவும்.

கடிதத்தை அவளிடம் நீட்டினார். "ஒரே எண்ணிக்கைதானே நான் முதல் நாள்லேருந்து போட்டுக்கிட்டிருந்தேன்? அப்ப எதுக்கும்மா 286 இடத்துல அடிச்சேன்?"

"தெரியலைண்ணே. நான் கணக்குதான் படிக்கிறேன், இதைப் படிக்கலை," என்று சொல்லிவிட்டு அவள் வாசிப்பறைக்குள் போனாள்.

அவர் பதிவேட்டைக் கட்டுமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அன்றைய 1-க்குக் கீழே, தன் பிப்ரவரி 24 கடிதத்துக்குப் பதில் வந்த தேதியைக் குறித்தார்: ஜூன் 19.