வேன் அக்காவின் ஒரு நிமிஷம்

இன்று யாரைச் சந்தித்தேன் தெரியுமா? வேன் அக்காவை! ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேனை வருடக்கணக்காக ஓட்டியவர். தொற்றுக் காலத்தில் அவருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். எல்லோரும் ஏறிவிடுவார்கள், கணக்குப் பிரிவு மேடத்தைத் தவிர. அவர் நாலாவது மாடி பால்கனியிலிருந்து ஈரத் தலையோடு எட்டிப் பார்த்து, "அக்கா, ஒரே நிமிஷம், போயிடாதீங்க!" என்று கத்துவார். தினமும் இதே கதைதான். அந்த ஒரு நிமிஷம் ஒருநாளும் ஒரு நிமிஷத்தில் முடிந்ததில்லை. வேனுக்குள் இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அக்காவும் உள்ளுக்குள் பொருமுவார்.

பிறகு நோய் வந்தது. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று ஹெச்.ஆர். அறிவித்தது. எல்லோரும் என்றால் அக்காவும்தான்! வேலை நேரம் முழுக்க அவர் போன் வீட்டில் இருப்பதாகக் கம்பெனி ஆப்பில் காட்ட வேண்டுமாம்.

"வேன் ஓட்டுறவ வீட்ல இருந்து என்னத்த ஓட்டுறது?" என்றார் அக்காவின் கணவர். அவர் முடிவெட்டும் சலூன் மூடிக் கிடந்ததால் கேலி பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. "வேணும்னா என்னை ஓட்டு."

"அதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து ஓட்டிட்டிருக்கேனே!"

அந்த வாரமே போக்குவரத்துப் பிரிவு வேறு பாட்டுப் பாடியது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், தினமும் வழக்கமான நேரத்தில் வழக்கமான ரூட்டில் வேனை ஓட்டிவிட்டு வர வேண்டும் என்றது. அக்கா இரண்டு பக்கமும் போன் செய்தார். இவர்கள் அவர்களைக் கேட்கச் சொன்னார்கள், அவர்கள் இவர்களைக் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வேனை எடுத்தார். போன் வீட்டிலிருந்து வேலை பார்த்தது, அக்கா ரோட்டில் வேலை பார்த்தார்!

கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெறும் சீட்டுகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். தூங்குகிறவர்களை எழுப்புவானேன் என்று ஹாரன் மட்டும் அடிக்கமாட்டார். நாலு மாடி வீட்டின் கீழே நின்று, தலையைச் சாய்த்து மேலே பார்ப்பார். கொடியில் ஒரு துண்டு தொங்கும். கதவு சாத்தியிருக்கும். எந்தக் குரலுக்காகத் தினமும் பொருமினாரோ, அதற்காகவே ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுக் கிளம்புவார்.

ஒருநாள் காலையில் கை கேட்கவில்லை. இரண்டு ஹாரன் அடித்துவிட்டார்.

படாரென்று கதவு திறந்தது. "அக்கா, ஒரே நிமிஷம், போயிடாதீங்க!"

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மேடம் மாஸ்க்கும் கைப்பையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார். "இன்னிக்கு ஆபீஸ் உண்டாக்கா? நான் எந்த மெயிலத்தான் நம்புறது! காலைல வாங்கன்றாங்க, மத்தியானம் வேணாம்றாங்க, சாயங்காலம் பாதிப் பேர் வாங்கன்றாங்க. அதுல நான் எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியல. வேனே வந்துடுச்சுன்னா அப்ப நிஜம்தான்."

ஆபீஸ் இல்லை மேடம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அக்கா சொன்னது வேறு.

"ஜன்னல் பக்கம் உக்காருங்க மேடம்."

அடுத்த நிறுத்தத்திலும் ஹாரன் அடித்தார். அங்கும் ஒருவர் மெயிலைத் திட்டிக்கொண்டே ஏறினார். இப்படியே அரை டஜன் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். "உலகமே நின்னு போச்சு, ஆனா மேடம் லேட்டா வர்றது மட்டும் நிக்கல" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். மாஸ்க்குகளைத் தாண்டி சிரிப்பு. அக்கா கியரை மாற்றுவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபீஸ் கேட் பூட்டியிருந்தது. "என்னக்கா ஊர்வலம்? உள்ள ஒரு ஈ காக்கா இல்லையே!" என்ற வாட்ச்மேன், ஹெச்.ஆர். அதிகாரிக்குப் போன் போட்டு, அக்கா வேனோடு வந்திருப்பதைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அவங்க வீட்ல இருக்கிறதா ஆப்ல காட்டுதே?" என்றார் அதிகாரி. "இருங்க, அவங்க நம்பருக்கே பேசிப் பாக்கறேன்." சற்று நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "அவங்க வீட்டுக்காரர் எடுத்தாரு. குளிச்சிட்டிருக்காங்களாம்!"

வேன் குலுங்கிச் சிரித்தது.

"சிரிக்காதீங்க! யார் சொல்லி ஆளுங்களை ஏத்திட்டு வந்தீங்க? வேலை போயிடும், தெரியுமா?" என்று அக்காவிடம் பாய்ந்தார் அதிகாரி.

அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யாரும் சொல்லல சார். தப்பு என்னோடதுதான். இவங்களையெல்லாம் பாக்கணும்போல இருந்துச்சு."

மேடம் இறங்கி வந்து போன் பக்கம் குனிந்தார். "சார், இன்னிக்கு யார் யார் வரணும், யார் யார் வரக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அக்காவைக் கேளுங்க."

அதிகாரி கனைத்தார். "அது... பாத்துட்டுச் சொல்றேன்."

இன்றுவரை சொல்லவில்லை! அன்றைக்கு வேலை தப்பியது. திரும்பும்போது அக்கா சுற்று வழியில் ஓட்டினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நோய் தணிந்ததும், இனி எப்போதுமே வீட்டிலிருந்துதான் வேலை என்று நிறுவனம் முடிவு செய்து வேனை விற்றுவிட்டது. மேடம் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறெங்கோ போய்விட்டார். அக்கா இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவருக்கு முன்பே வந்து நின்றுவிடுகிறார்கள். யாரும் அவரைக் காக்க வைப்பதில்லை.

"மேடத்தோட நம்பர் இருக்குமே, ஒரு போன் பண்ணலாமேக்கா?" என்று நான் கேட்டதற்கு அக்கா சிரித்தார். "பண்ணி என்னன்னு பேசுறது? எங்களுக்குள்ள இருந்ததே அந்த ஒரு நிமிஷம்தான்."

பிள்ளைகளை ஏற்றப் போகும் முன், தினமும் அந்த நாலு மாடி வீட்டின் கீழே இப்போதும் வேனை நிறுத்துகிறார். பால்கனிக் கொடியில் யாருடைய துணிகளோ காய்கின்றன.

தயவுசெய்து இதைப் பகிருங்கள். கணக்குப் பிரிவு மேடம், இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரே ஒருநாள் காலையில் அந்தத் தெருவுக்கு வாருங்கள். வழக்கம்போல லேட்டாகவே வாருங்கள். அக்கா போய்விட மாட்டார்.