கமெண்டில் பேர் போடுங்க

புடவைக் கடை வேலை என்றால் பிரிப்பதும் மடிப்பதும்தான். விற்பது நடுவில் எப்போதாவது நடக்கும். கடைகளில் கால் கடுக்க நிற்கும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? பதுளை பஜாரில் எங்கள் கடையில் நிற்பது இரண்டு பேர். நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்காரி. ஃபலீலா டவுன்காரி. தோட்டத்தில் சம்பளம் போட்டால் ஒரு வாரம் கூட்டம், அப்புறம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

மடிப்புக்குள் ஒரு குரல்

தெருமுனையில் கண்ணாடி போட்ட பெரிய கடை ஒன்று வந்தது. அதிலிருந்து சம்பள வாரமும் எங்களுக்குச் சும்மாதான் போனது. ஒருநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம், இப்படியே போனால் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஃபலீலாவும் ஒரே சோற்றுப் பார்சலைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர்கள். இதில் யார் போவது, யார் நிற்பது?

அன்று மத்தியானமே முகநூலில் கடைக்கு ஒரு பக்கம் திறக்க இறங்கினோம். கடையில் போன் தொடக்கூடாது என்பது சட்டம். ஆகவே புடவை மடிக்கிற சாக்கில் மடிப்புக்குள் போனை வைத்துப் பழகினோம். மற்றவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று வீடியோ பார்த்தோம். மூன்றாம் நாள் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். மடிப்புக்குள்ளிருந்து ஒரு பெண், வணக்கம் நண்பர்களே என்றாள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இது எந்த ஊர்ச் சரக்கு? பேசுதே!"

கடையில் மிச்சமிருந்த தோள்

நல்லவேளை, விஷயத்தைச் சொன்னதும் ஏசவில்லை. ஆனால் முகநூல் பக்கத்தில் போடப் படம் வேண்டுமே. மேசையில் கிடந்தால் புடவை எடுபடவில்லை, ஒரு தோளில் விழுந்தால்தான் அழகு. ஃபலீலா தன் முகம் போனில் வரவே கூடாது என்றாள். எனக்கோ தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் கேலி பண்ணுவார்களே என்று வெட்கம். மிச்சமிருந்தது ஒரே தோள். முதலாளி விபூதிப் பட்டையோடு, கத்திரிப்பூ நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடையாள அட்டைப் படத்துக்கு நிற்கிறமாதிரி விறைத்து நின்றார். முகத்தை வெட்டிவிட்டுப் போடச் சொன்னார். எனக்கு அப்போது வெட்டத் தெரியாது. அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாள் பண்டாரவளையிலிருந்து அவர் மைத்துனர் போன் எடுத்துச் சிரித்த சிரிப்பு எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. முதலாளி இரண்டு நாள் கல்லாவை விட்டு எழும்பவில்லை. அதற்கடுத்த நாள் நமுனுகுலப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். நேரே கல்லாவுக்குப் போய், படத்தை முதலாளியிடமே நீட்டினார். "ஐயா, நீங்க போட்டிருந்தீங்களே, இந்தக் கத்திரிப்பூ கலரு, இதுல இன்னொன்னு இருக்குங்களா?"

லையும் லீயும்

அந்த ஒரு புடவை விற்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது லைவ் போடுவோம் என்றேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நமது கடை லைவ் என்று பக்கத்தில் எழுதினேன். எழுதியதாகத்தான் நினைத்தேன். விரல் வழுக்கி, லை என்பது லீ ஆகியிருக்கிறது.

ஞாயிறு பத்து மணிக்குப் பவுடர் பூசிக்கொண்டு போன் முன்னால் நின்றேன். வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். பார்த்தது மூன்று பேர், அதில் ஒருத்தி பக்கத்தில் நின்ற ஃபலீலா. கடைக்கும் ஒரு ஆள் வரவில்லை. பின்னேரம்தான் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "லீவுன்னு போட்டுட்டு, கடையத் தெறந்து வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, ஏன்?"

பெரட்டு

முதலாளி அன்றைக்கு நேரத்தோடே கடையைப் பூட்டிவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன், ஒளிப்பானேன்.

தோட்டத்தில் தீபாவளிக்கு முந்திய சம்பளம் ஒரு சனிக்கிழமை போட்டார்கள். அன்று பின்னேரமே மறுபடி லைவ். இந்த முறை எழுத்தை ஃபலீலா பார்த்துத் தந்தாள். புடவை வேண்டுமென்றால் கமெண்டில் பேர் போடுங்க, எடுத்து வைக்கிறோம் என்றேன். பேர் விழ ஆரம்பித்தது பாருங்கள்! லெட்சுமி, புஷ்பம், மாரியாயி, இன்னொரு லெட்சுமி என்று நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரே போனிலிருந்து பதினைந்து பேர். முதலாளி நாற்பது புடவையைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு, எங்களுக்கு ரோல்ஸும் டீயும் வாங்கித் தந்தார்.

கட்டப் போகும்போதுதான் பார்த்தேன். எந்தப் புடவை வேண்டும் என்று ஒருத்தியும் எழுதவில்லை. அப்போது உறைத்தது எனக்கு. தோட்டத்தில் பேர் போடுவது என்றால் வேறு. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில், வந்தவர்களைப் பதிந்துகொள்வதுதான் பேர் போடுவது. போனைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் எல்லாரும் தாங்கள் வந்திருப்பதைப் பதிந்திருக்கிறார்கள்! தோட்டத்தில் பிறந்த எனக்கே இது தெரியாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளியிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. ஃபலீலா என்னைத் தனியே இழுத்து, உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கு, நீ நில்லு, நான் போறேன் என்றாள். வாயை மூடு என்று அவளை ஏசினேன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஸ்பிரிங்வெளி பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய கூட்டம் முழுவதும் நேரே எங்கள் கடைக்குள். கண்ணாடிக் கடைப் பக்கம் ஒருத்தி திரும்பவில்லை. நாற்பது புடவை பத்தாமல், முதலாளியே ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து எடுத்துப் போட்டார். எல்லாரும் வாங்கவா வந்தீங்க என்று முன்னால் நின்ற புஷ்பம் அக்காவிடம் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நேத்து பேரப் போட்டுட்டோம்ல? பேரப் போட்டுட்டு ஆள் வராம இருந்தா எப்புடி?"

தீபாவளி போய்ப் பொங்கலும் வந்துவிட்டது, முதலாளியின் பெரட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் பேர் விழுகிறது. ஒரே மாற்றம், முன்பு கால் மட்டும் கடுத்தது, இப்போது கட்டைவிரலும் சேர்ந்து கடுக்கிறது.