நூறு மெகா ஓம்

பாக்கியநாதனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குடி, சீட்டாட்டம் என்று ஏதாவது இருந்திருந்தால்கூட அந்தக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மன்னித்திருப்பார்கள். மனுஷன் எதையும் மெய்யாகவே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

கம்பெனியில் மொத்தம் நாற்பத்திரண்டு மோட்டார்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, மெக்கர் கருவியின் ஒரு ஒயரைச் சுருளிலும் இன்னொன்றை இரும்பு உடம்பிலும் மாட்டி, கரண்ட் கசியுமா என்று பார்க்க வேண்டும். கருவி ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கசிகிறது என்று அர்த்தம், ஓட்டக் கூடாது. முன்பிருந்த புத்திசாலிகள் டீ குடித்தபடியே நோட்டில் எல்லாவற்றுக்கும் நூறு நூறு என்று போட்டுவிடுவார்கள். கையெழுத்து மட்டும், அடேயப்பா, முத்து முத்தாக இருக்கும்.

அந்த நோட்டு இந்த மாதம்தான் பாக்கியநாதன் கைக்கு வந்தது. ஏழு வருஷம் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாகக் கிடந்தவருக்கு, பாதுகாப்பு ஆடிட் முடிந்ததும் நிரந்தர வேலை என்று மேனேஜர் கேசவ் சொல்லியிருந்தார். ஆடிட்டுக்கு முதல் நாளா பார்த்து மழையில் நனைந்த பம்ப் மோட்டார் 0.3 காட்ட வேண்டும்? ‘ஓட்டாதே’ அட்டையை மாட்டிவிட்டு, நோட்டிலும் அதையே எழுதினார்.

கேசவ் அலறியடித்து ஓடி வந்தார். “யோவ், ஒரே ஒரு நம்பர். நூறுன்னு மாத்துய்யா. உன் ஆர்டர் என் டேபிள்ல ரெடியா இருக்கு.”

“ஞானம்மாக்கா அந்த மோட்டாராண்டதான் சார் வெறுங்காலோட தரை கழுவிக்கினு கீறாங்க. எதுனா ஆயிட்சின்னா?”

“இதுவரைக்கும் ஆச்சா?”

பாக்கியநாதன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். மனைவி மோனிகா அந்த ஒரு காகிதத்துக்காக ஏழு வருஷமாக ஜெபம் செய்கிறாள். பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார். “என்னால ஆவாது சார்.”

மறுநாள் ஆடிட்டர் பழைய பக்கங்களைப் புரட்டிச் சொக்கிப்போனார். “இவ்வளவு நாள் எல்லாம் நூறு. இந்த மாசம் மட்டும் முப்பத்தேழு, எட்டு, 0.3... சோதிச்சவருக்குப் பயிற்சி போதலை” என்று எழுதிவிட்டுப் போனார். ஆர்டர் நின்றது. மோட்டாரைச் சுருள் கம்பி மாற்றக் காக்களூர் பட்டறைக்கு அனுப்பினார்கள். அது அங்கே வெறும் கூடாகப் பிரிந்து கிடந்த மாதத்திலும், பாக்கியநாதனிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டவர் அதற்கு நூறு மெகா ஓம் போட்டிருந்தார். நிரந்தர ஆர்டரும் அவருக்கே கிடைத்தது.

அதற்காக அவர் வாங்கி வந்த லட்டை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தது ஞானம்மாதான்.

“இன்னா நைனா, உனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வீம்பு?” என்று பாக்கியநாதனைக் கடிந்துகொண்டாள். “ஒரு நம்பர் மாத்தி எழுதினா கை தேஞ்சா பூடும்?”

பாக்கியநாதன் லட்டை வாயில் போட்டுக்கொண்டார்.