மிஞ்சிய பீடிக்கட்டு

காலை ஆறு பத்துக்கு, குறுவை நடவு வயலில், முப்பத்திரண்டு வயதான என் மகன் இருமி இரத்தம் துப்பினான். நாற்றுப் பறிக்க வரும் ஆட்களுக்கு டீயோடு பீடி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மிஞ்சிய கட்டுகளை வருடாவருடம் அவனுக்குப் பிடிக்கக் கொடுத்தவள் நான்தான்.

அவனைச் சேர்த்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் வேறு படுக்கை காலியில்லை. படுத்திருந்த எல்லோரும் புகைத்தவர்கள், நடவு நேரத்தில் வயலில் நிற்க வேண்டிய ஆண்கள். எனக்கோ பக்கத்து வயல்காரியின் மகன் நினைப்பாகவே இருந்தது. அவனும் என் மகனோடு சேர்ந்து அதே பீடியைத்தான் பிடித்தான். இந்நேரம் அவன் நாற்றுமுடி சுமந்து வரப்பில் நடப்பான் என்று எண்ணும்போதே வயிறு எரிந்தது. அவனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை?

சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். பின்னால் அவனும் நின்றான்.

"அக்கா, உங்க வயலையும் நட்டு முடிச்சாச்சு. இவனையும் இங்க டாக்டர்கிட்ட காட்டணும்க்கா. ஒரு மாசமா இருமுறான், பாவி, எங்கிட்ட சொல்லவே இல்ல."