காலி வீட்டில் ஈரச் சோப்பு

மார்லிஸ் ஹாகென் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவில், துலூத் நகரத்தின் செங்குத்தான தெருக்களில், பனிக்காலம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவள். வானிலை அறிக்கையை நம்ப மாட்டாள். மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவளுடைய கணவன் டுவேன், மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஏரியின் அக்கரையில் இன்னொரு குடும்பம் நடத்தியவன். அது வெட்ட வெளிச்சமான பிறகு, யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்டு ஒரு புருவத்தை உயர்த்துவது அவள் வழக்கமாகிவிட்டது. நல்ல மனிதர்கள் சிலர்கூட அந்தப் புருவத்துக்குப் பயந்தே விலகிப் போனார்கள்.

சலவைக் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தே காலத்தை ஓட்டியவள், ஐம்பது தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஒரு வீடு பார்த்தாள். ராட்னி ஸ்ட்ராண்ட் என்பவரின் அம்மா இருந்து இறந்த வீடு. மறுநாள் பத்திரத்தில் கையெழுத்து. அதற்கு முன் வாங்குபவர் ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். பெரும்பாலானவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

தரகர் ட்ரூடி பெல்கோனன் கதவைத் திறந்துவிட்டாள். சிரித்த முகம், எதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிற வாய்.

"பாத்துக்கோங்க மார்லிஸ். ரெண்டு வாரமா காலியாத்தான் கெடக்கு. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு பாருங்க."

"யாரு துடைச்சா?"

"என்னது?"

"காலியா கெடக்குற வீட்ட யாரு துடைச்சாங்கன்னு கேட்டேன்."

ட்ரூடி சிரித்து மழுப்பினாள். மார்லிஸ் சமையலறைக்குள் போனாள். தொட்டியோரம் இருந்த சோப்பைத் தொட்டாள். ஈரம். கை துடைக்கும் துணியும் நசநசவென்று இருந்தது. மூடிய ஜன்னல்களுக்குள் காபி வாசனை லேசாக மிச்சமிருந்தது. பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். முன்வாசலில் பனி அள்ளாமல் குவிந்து கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தாள்; இங்கே பின்படியில் மட்டும் ஆள் நடந்து நடந்து பாதை விழுந்திருந்தது.

"ட்ரூடி, இங்க யாரோ இருக்காங்க."

"ஐயோ, சுத்தம் பண்ண வந்தவங்களா இருக்கும். நீங்க எதையுமே தப்பாத்தான் பாப்பீங்களா?"

சமையலறையிலிருந்து கீழே இறங்கும் கதவை இழுத்தாள் மார்லிஸ். அசையவில்லை. "நிலவறைக் கதவத் திற."

"அதோட சாவி... ராட்னிகிட்ட இருக்கு. நாளைக்குக் குடுத்துடுறேன்னாரு."

"போன தடவை வந்தப்போ அந்தக் கதவுல பூட்டே கெடையாதே?"

மார்லிஸ் கதவை ஓங்கித் தட்டினாள். பேருந்தின் கடைசி இருக்கையில் சண்டை போடும் பையன்களை அடக்குகிற குரலில் கத்தினாள். "உள்ள யாரு? இப்பத் தொறக்கலன்னா போலீஸக் கூப்புடுவேன்!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட ஒரு கிழவர் நின்றார். தலைமுடி தண்ணீர் தொட்டு வாரியிருந்தது.

"சத்தம் போடாதம்மா. நீதான் வீடு வாங்குறவளா? நான் வெர்னன். ராட்னியோட அண்ணன். வாடகைய மாசத்தோட மொத நாளே குடுத்துடுவேன். ஒனக்குத் தொந்தரவே இருக்காது."

"என்ன வாடகை?"

"நீ ஒத்துக்கிட்டேன்னு தம்பி சொன்னானே! கீழ் ரூம் எனக்குத்தான்னு. கையெழுத்து ஆகுறவரைக்கும் ஆள் கண்ணுல படாம இருன்னான். அதான் தாழ்ப்பாள் போட்டு வெச்சேன்."

மார்லிஸுக்கு முதலில் இந்த ஆள்மேலேயே சந்தேகம் வந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போடும் நாடகமோ? அவள் கீழே இறங்கிப் பார்த்தாள். கட்டில், வானொலி, சுவரோடு சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி. அம்மாவுக்குச் சோறூட்டி, தூக்கி உட்காரவைத்து, கடைசிவரை உடனிருந்தது இந்த மூத்தவர்தான் என்று பேச்சில் வந்தது. வீடு ராட்னி பெயரில். புதிதாக வருகிறவள் சந்தோஷப்படட்டும் என்று காலையில்தான் வெர்னன் சமையலறையைக் கழுவியிருக்கிறார்.

அவள் ராட்னிக்குப் போன் போட்டாள்.

"அவரா? நீங்க சாமான இறக்குனா தானாப் போயிருவாரும்மா," என்றான் ராட்னி.

"எங்க போவாரு?"

ராட்னி மறுநாள் கையெழுத்து நேரத்தை மறுபடி சொல்லத் தொடங்கினான்.

"அப்ப நாளைக்கு நான் வரல."

ட்ரூடி காரருகே நின்று கெஞ்சினாள். தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தாள். "அப்படியா?" என்றாள் மார்லிஸ். அன்று மாலை தன் அறைக்குத் திரும்பியபோது, தான் நினைத்தது சரியாகிவிட்டதே என்ற திருப்தி அவளுக்குத் துளியும் வரவில்லை. அந்தக் கிழவர் தண்ணீர் தொட்டு வாரியிருந்த தலைமுடியே கண்முன் நின்றது.

ராட்னி தன் அண்ணனுக்கு ஒழுங்கான இடம் பார்த்து, முன்பணமும் கட்டிய பிறகுதான் கையெழுத்து என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். ராட்னி கத்தினான், வேறு ஆளுக்கு விற்கிறேன் என்றான். நிலவறையில் ஆள் இருக்கும் வீட்டை யார் வாங்குவார்கள்? ஏப்ரல் கடைசியில், முதியவர்கள் குடியிருப்பு ஒன்றில் வெர்னனுக்கு அறை கிடைத்தது. அதை நேரில் போய்ப் பார்த்த பிறகே மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள்.

குடிவந்த அன்றே எல்லாப் பூட்டையும் மாற்றினாள்.

அடுத்த குளிர்காலத்தில், மளிகைக் கடை வரிசையில் வெர்னன் அவளைப் பார்த்தார். "ராத்திரி வீடு சூடாக ஹீட்டர் போட்டா வெந்நீர்க் கொழாய் டங்கு டங்குன்னு அடிக்குமே, தூங்க முடியுதா ஒனக்கு?"

"அடிக்குது. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

சனிக்கிழமை அவர் ஸ்பேனரோடு வந்து குழாயில் அடைபட்டிருந்த காற்றை வெளியேற்றிச் சரிசெய்தார். அவர் வேலை முடித்துக் கிளம்பும்வரை மார்லிஸ் பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.